பார்ட்-டூ ஆர்டரில் இல்லாத தம்பி

2009-ஆம் ஆண்டு என் தம்பி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மாதத்தில்தான், ராணுவத்திலிருந்து விலகியபோது அப்பாவுக்குக் கொடுத்த படைவிலகல் புத்தகத்தை எங்கள் வீட்டில் முதன்முறையாக யாரோ ஒருவர் முழுவதுமாகப் படித்தார். அதுவரை அந்தப் புத்தகம் கருப்பு ட்ரங்குப் பெட்டியின் அடியில், இரண்டு பதக்கங்களுக்கும் ஒரு பழைய கம்பளிக்கும் கீழே பத்திரமாக இருந்தது. ஆயுத பூஜையன்று வெளியே வரும், பொட்டு வைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போகும். பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்காக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதை நீட்டியபோது, எதிரில் இருந்த எழுத்தர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, அப்பாவுக்கு ஒரே ஒரு மகள்தானே, இந்தப் பையன் யார் என்று கேட்டார். மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். தம்பி 1991-இல் பிறந்தபோது அப்பா வடகிழக்கில் ஒரு மலை முகாமில் இருந்தார். செய்தி கடிதத்தில் போய்ச் சேரவே மூன்று வாரங்கள் ஆயின. இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். யூனிட் எழுத்தரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தாராம். அதற்குள் யூனிட் இடம் மாறியது. படைவீரரின் திருமணம், குழந்தை பிறப்பு, குடும்பத்தில் ஏற்படும் மற்ற மாற்றங்கள் எல்லாம் பார்ட்-டூ ஆர்டர் என்ற யூனிட்டின் அறிவிப்பில் வெளியாகி, அங்கிருந்து வீரர்களின் பதிவேடுகளைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய ஆவணத்தில் ஏற வேண்டும். அப்படி ஏறாத குழந்தை வீட்டில் சோறு தின்னும், பள்ளிக்குப் போகும், குடும்ப அட்டையிலும் இருக்கும்; ஆனால் ராணுவத்தின் கணக்கில் அது பிறக்கவே இல்லை. பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் மாவட்ட அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்குச் சென்று, தம்பியின் பெயர் சேர்க்கப்பட்டுத் திரும்பி வருவதற்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அதற்குள் அந்த ஆண்டுக்கான விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவன் இரண்டாம் ஆண்டு மாணவன். இந்த உதவித்தொகைக்கு முதலாம் ஆண்டில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும்.

என் கதை இதைவிட எளிமையானது. அந்தத் திட்டம் 2006-07 கல்வியாண்டில்தான் தொடங்கியது. நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அப்படியொன்று வந்திருப்பது எங்கள் ஊரில் எவருக்கும் தெரியாது. தெரிந்தபோது நானும் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டேன். ஆக, அப்பாவின் பதினேழு ஆண்டுப் பணிக்குரிய இந்தத் தொகை எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் திரும்பிப் போனது. நாங்கள் இருவரும் வங்கிக் கல்விக் கடனில் படித்தோம். அந்தக் கடனை அடைத்து முடித்த பிறகுதான், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கொரு ஆளைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் பல உண்டு. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்களுக்கு அதிகத் தொலைவில்லை. எனவே திண்ணையில் கூட்டத்திற்குக் குறைவில்லை.

இந்த உதவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தியாகம், நன்றிக்கடன் போன்ற சொற்கள் வந்துவிடுகின்றன. எனக்கு அவற்றில் மறுப்பில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிற காரணம் வேறு. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் 60 வயதை ஒட்டி ஓய்வு பெறும்போது அவருடைய பிள்ளைகள் பெரும்பாலும் படித்து முடித்திருப்பார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் 35-லிருந்து 40 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். என் அப்பா 1997-இல் சிப்பாய்க்கு அடுத்த பதவியான லான்ஸ் நாயக்காக வெளியே வந்தபோது அவருக்கு வயது 36. நான் நான்காம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. பணியில் இருக்கிறவரை மத்திய அரசின் குழந்தைகள் கல்விப் படி கிடைக்கும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 2,250 ரூபாயாக இருந்த அந்தப் படி, 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு உண்டு. வீரர் வீட்டுக்கு வந்த மறுநாளே அது நின்றுவிடும். சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் குறைந்து, வங்கி வாசலில் காவலாளி வேலை தேடுகிற வயதில், பிள்ளைகளின் படிப்புச் செலவு மேலே ஏறத் தொடங்குகிறது. இந்தக் கல்வி உதவிகள் வீரத்துக்கான பரிசு என்பதைவிட, பாதியில் நின்றுபோன ஒரு சம்பளத்தின் மிச்சம் என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால்தான் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வி கூர்மையாகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, மத்திய முப்படை வீரர் வாரியம் வழங்கும் கல்வி மானியம். பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து இது வருகிறது. அந்த நிதிக்குப் பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. டிசம்பர் 7-ஆம் நாள் பள்ளியிலும் அலுவலகத்திலும் சிறு கொடியைச் சட்டையில் குத்திவிட்டு நம்மிடம் வாங்குகிறார்களே, 1949 முதல் நடந்துவரும் அந்த வசூல்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்கு, மாதம் 1,000 ரூபாய் வீதம் நெடுங்காலம் வழங்கப்பட்டது. 2025 அக்டோபரில் அது 2,000 ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டு, நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் சேர்கிற கைம்பெண்களும் இதைப் பெறலாம். இந்தக் கடைசி வரியை நான் திண்ணையில் எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறேன்; இதுவரை ஒரே ஒரு அக்காதான் எம்.ஏ. சேர்ந்தார். அவர் போய்ச் சேர்ந்ததே எனக்குப் பெரிய செய்தி.

இந்த மானியம் ஹவில்தாரும் அதற்கு இணையான பதவியும் வரைதான். அதற்கு அடுத்த பதவியான நாயப் சுபேதாராக உயர்ந்து ஓய்வு பெற்றவரின் பிள்ளைக்கு இல்லை. எங்கள் தெருவில் ஒரே நாளில் படைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் ஹவில்தாராகவும் மற்றவர் நாயப் சுபேதாராகவும் வெளியே வந்தார்கள். இரண்டாமவரின் மனைவி, தோளில் ஒரு நட்சத்திரம் ஏறியதற்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோடு எங்காவது போடத்தான் வேண்டும், நிதி அளவுக்குட்பட்டது. ஆனாலும் ஓய்வூதிய வேறுபாடு அவ்வளவு பெரிதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது மனம் சமாதானமாவதில்லை.

மேற்படிப்புக்கு வருவோம். பிரதமரின் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 5,500 பேருக்கு வழங்கப்படுகிறது. ஆண், பெண் சரிபாதி. தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. 2019-20 முதல் மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவர்களுக்கு 2,500 ரூபாய். ஆண்டுக்கொருமுறை மொத்தமாக வங்கிக் கணக்கில் சேரும். நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஒரு பெண்ணுக்கு 1,44,000 ரூபாய் வருகிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தில் இது சிறு பகுதியாக இருக்கலாம். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த பெண்ணுக்குக் கட்டணம், விடுதி, புத்தகம் என்று பெரும்பங்கைத் தாங்கிவிடும். பெண் பிள்ளைக்கு 500 ரூபாய் கூடுதல் என்பதைக் கேட்டுவிட்டு, மகளைப் பாலிடெக்னிக்கோடு நிறுத்தலாம் என்றிருந்த ஒரு சித்தப்பா மனம் மாறி, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்தார். அவ்வாறு இரண்டாம் ஆண்டில் சேர்கிற பட்டயப் படிப்பினருக்கு மட்டும் முதலாம் ஆண்டு நிபந்தனை தடையில்லை.

மற்றவர்கள் தவறி விழுகிற இடங்கள் சில உண்டு. பிளஸ் டூவில், அல்லது அந்தப் படிப்புக்குரிய அடிப்படைத் தகுதித் தேர்வில், 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆனால் அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. போரில் உயிரிழந்தோர், போரில் ஊனமுற்றோர், பணிக் காரணமாக இறந்தோர், பணிக் காரணமாக ஊனமுற்றோர், வீரப் பதக்கம் பெற்றோர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இந்த வரிசையிலேயே முன்னுரிமை கொடுத்து, எஞ்சிய இடங்கள்தான் சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு மதிப்பெண் அடிப்படையில் வருகின்றன. அந்தக் கடைசி வரிசையில்தான் எங்கள் ஊர் முழுவதும் நிற்கிறது. அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வரிசையில் இடமில்லை. கிடைத்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காடு எடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

எனக்கு நெடுநாள் உறுத்தல் படிப்புகளின் பட்டியலைப் பற்றியது. பொறியியல், மருத்துவம், செவிலியர், வேளாண்மை, பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. முதலிய தொழில்முறைப் படிப்புகள் உள்ளே இருக்கின்றன. பி.ஏ., பி.காம்., சாதாரண பி.எஸ்ஸி. வெளியே. எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர், அதிலும் பெண்கள், பேருந்தில் போய்வரக் கூடிய அரசுக் கலைக் கல்லூரியில்தான் சேர்கிறார்கள். அவர்களுக்குக் கொடிநாள் நிதியின் மானியம் உண்டு, இது கிடையாது. 95 விழுக்காடு வாங்கி இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒரு பெண்ணிடம், நீ பி.பி.ஏ. சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல நேர்ந்தது. என்ன படிக்க வேண்டும் என்பதில் அரசுக்கு ஒரு விருப்பம் இருப்பதில் தவறில்லை, ஆனால் அந்த விருப்பம் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆகப்போகிற பிள்ளையை முதல் படியிலேயே விலக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு குழப்பம் எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி நேர்கிறது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளில் பணியாற்றியவர்களையும் ஊரார் மிலிட்டரிக்காரர் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். அவர்களுக்கும் இதே பெயரில், இதே தொகையில் தனித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் அவர்கள் பணியாற்றிய படையின் வழியாகப் போக வேண்டும்.

ரிசர்வில் இருந்தவர்களின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா காலத்தில் சில ஆண்டுகள் படையிலும் மீதி ஆண்டுகள் ரிசர்விலும் என்ற முறை இருந்தது. ரிசர்வில் இருக்கும்போது ஊரில் உழுதுகொண்டிருப்பார், அழைப்பு வந்தால் போக வேண்டும். இரண்டும் சேர்த்துப் பதினைந்து ஆண்டு முடித்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் உண்டு. அந்த ஓய்வூதியம் பெறுகிறவர் முன்னாள் படைவீரர்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பணியாற்றுகிறவர்களுக்காக 1949-இல் தொடங்கப்பட்ட பிரதேச ராணுவத்தில் இருந்தவர்களின் கதை சற்றுச் சிக்கலானது. தொடர்ச்சியாக முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டு அதற்காக ஓய்வூதியம் பெறுகிறவர்களும், பணியில் ஊனமுற்று ஓய்வூதியம் பெறுகிறவர்களும், வீரப் பதக்கம் பெற்றவர்களும் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போய்வந்து, ஓய்வூதியம் ஏதுமின்றி விலகியவர் வருவதில்லை. அவர் பிள்ளைக்கும் இந்தப் படிவங்கள் எதுவும் பொருந்தாது.

அமெரிக்காவில் இருக்கும் என் தோழி ஒருத்தியோடு இதைப் பற்றிப் பேசும்போது, அங்கே இந்த வேறுபாடு வேறு விதமாகக் கையாளப்படுவதைத் தெரிந்துகொண்டேன். 1944 ஜூன் 22-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. பில் என்ற சட்டம் படையிலிருந்து திரும்பியவரையே கல்லூரிக்கு அனுப்பியது. 2001-க்குப் பிந்தைய பணிக்கான இன்றைய திட்டத்தில் ரிசர்வ் படையினருக்கும் அவர்கள் முழுநேரப் பணியில் இருந்த காலத்துக்கேற்ப விழுக்காடு கணக்கிட்டுத் தருகிறார்கள். 90 நாள் பணிக்கு 50 விழுக்காட்டிலிருந்து தொடங்கி 36 மாதப் பணிக்கு முழுப் பயன். குறிப்பிட்ட காலம் பணியாற்றி, மேலும் நான்காண்டு பணியாற்றச் சம்மதித்தால் அந்த உரிமையை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். நம் நாட்டில் உதவி தொடக்கத்திலிருந்தே பிள்ளைக்குரியது. திரும்பி வந்தவர் படிப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து ஆண்டு பணியாற்றியவருக்குப் பட்டப்படிப்புக்கு இணையானவர் என்று ஒரு சான்று தருகிறார்கள். அப்பாவிடமும் அது இருக்கிறது. மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்கு அது செல்லும். அதை வைத்துக்கொண்டு எம்.ஏ. சேர முடியாது. நான் பட்டம் வாங்கிய அன்று, இந்த வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று அப்பா அந்தச் சான்றை எடுத்துக் காட்டிச் சண்டைக்கு வந்தார்.

போரில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகளுக்கு மேற்சொன்னவற்றிலிருந்து வேறுபட்ட, இன்னும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. 1971 போரின் முடிவில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது அது: போரில் இறந்த, காணாமல்போன, ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், சீருடை ஆகிய செலவுகளை அரசே ஏற்கும். 2017-இல், ஜூலை மாதம் முதல், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லன்பா அதை நீக்கக் கோரிப் பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் உச்சவரம்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சில மாதங்களில் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தாய் மகனை விடுதியிலிருந்து திரும்ப அழைத்துவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபோதுகூட இப்படிக் கணக்குப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கையில் தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 150 இடங்கள்; மருத்துவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்கு நல அலுவலகத்தில் சார்ந்தோர் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றிலும் அலுவலகக் கடிதங்களிலும் இருபது வயது இளைஞனைக்கூட 'சிறார்' என்றே எழுதுவார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஒரு சிறாருக்கு நானே படிவம் நிரப்பியிருக்கிறேன். சின்ன வகுப்பிலேயே யோசிக்கிறவர்களுக்கு, உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியில் படையினர், முன்னாள் படையினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

எந்த உதவியானாலும் வேர் அந்தப் படைவிலகல் புத்தகம்தான். திண்ணைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலை அல்ல, புத்தகத்தை. பெரும்பாலும் தாய்மார்கள்தான் வருகிறார்கள். கணவர் ஏதோ ஒரு ஊரில் காவலாளியாக இருக்கிறார். புத்தகத்தில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, பிறந்த தேதி பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகிறதா, நம் ஊர் வழக்கப்படி முன்னால் நிற்கிற தலைப்பெழுத்தை வடநாட்டு எழுத்தர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். ஒரு வீட்டில் மகளின் பெயர் 'பாப்பா' என்றே பதிவாகியிருந்தது. கடிதத்தில் பாப்பா பிறந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார்களாம். பிழை இருந்தால் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே திருத்தத்துக்கு எழுதிவிட வேண்டும். கல்லூரி வாசலில் நின்றுகொண்டு எழுதினால் என் தம்பியின் கதைதான்.

போன மாதம் ஒரு அண்ணி வந்தார். கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மகளுக்கு மானிய விண்ணப்பம் நிரப்பினோம், அது எளிதாக முடிந்தது. எழுந்து போகும்போது, மூத்த மகன் நான்கு ஆண்டுப் பணிக்கு மட்டும் எடுக்கப்படும் அக்னிவீரராக இருக்கிறான், அந்த நான்கு ஆண்டு முடியப் போகிறது, அவனுக்கும் பின்னாளில் இப்படிப் புத்தகம் கொடுப்பார்களா என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ சான்றும், பயிற்சிக்குப் பாதி மதிப்பு கொடுத்து இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டப்படிப்பும் ஏற்பாடு செய்திருப்பதைச் சொன்னேன். அவன் தானே படிக்கலாம், அது அப்பாக்கள் தலைமுறைக்கு வாய்க்காத ஒன்று. ஆனால் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படும் நான்கில் ஒருவராக அவன் இல்லாவிட்டால், அவனுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை; நாளை அவனுக்குப் பிள்ளை பிறந்தால் இந்தத் திண்ணையில் நிரப்புவதற்குப் படிவம் எதுவும் இல்லை. அண்ணி சற்று நேரம் நின்றுவிட்டு, அவன் இருப்பதும் மலைமேல்தான், கடிதத்துக்குப் பதில் போன் வருகிறது, அவ்வளவுதான் மாற்றம் என்று சொல்லிவிட்டு, மகளின் படிவத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார்.